கணினி கேள்வி–பதில்: 500 வோட் பவர் சப்ளை புதிய கார்டைத் தாங்குமா?

கேள்வி: கட்டடக்கலை படிக்கும் என் மகனின் கணினியில் கோர் ஐ5-10400 புரொசஸர், 16 ஜி.பி. ரேம், ஓர் எஸ்.எஸ்.டி., ஒரு ஹார்ட் டிஸ்க் ஆகியவை உள்ளன. முப்பரிமாண வேலைகளுக்காக ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பொருத்த விரும்புகிறார். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையில் இப்போது 500 வோட் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரர் அதுவே போதும், ஒரு மாற்று வயர் மட்டும் போட்டால் சரி என்கிறார். அடுத்த கடைக்காரரோ 650 வோட் புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்கிறார். லேபிளைப் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: படம் தெளிவாக இருப்பதால் ஊகத்துக்கு இடமின்றிச் சொல்ல முடிகிறது. இந்தப் பவர் சப்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கார்டைப் பொருத்த வேண்டாம்.

லேபிளின் தலைப்பில் உள்ள 500 என்ற எண்ணைச் சற்று மறந்துவிட்டு, அதன் கீழே உள்ள சிறிய அட்டவணையைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டும் புரொசஸரும் தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ட் வழியிலிருந்தே எடுக்கின்றன என்பதால், நமக்கு முக்கியமானது அந்த ஒரு நிரல்தான். தங்களுடைய லேபிளில் 12 வோல்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டு 14 அம்பியர், 15 அம்பியர் என்று போடப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் கூட்டி 29 என்று கணக்கிட்டுவிடக் கூடாது, ஏனெனில் இரண்டும் சேர்ந்து 264 வோட்டைத் தாண்டக் கூடாது என்று அதற்கடியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 264ஐ 12ஆல் வகுத்தால் 22 அம்பியர். அதுதான் உண்மையான வலு. 3.3 வோல்ட், 5 வோல்ட் வழிகளுக்குச் சேர்த்துக் கொடுத்துள்ள 130 வோட்டையும் ஏனைய சிறு வழிகளின் 14 வோட்டையும் சேர்த்தாலும் மொத்தம் 408 வோட்தான் வருகிறது. தலைப்பில் உள்ள 500ஐ அதே லேபிளின் அட்டவணையே மறுக்கிறது. பணம் கொடுத்து வாங்குபவரை இப்படித் தவறாக எண்ண வைப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

இனிச் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். ஆர்.டி.எக்ஸ். 3060க்கு அதை உருவாக்கிய என்விடியா நிறுவனம் குறிப்பிடும் மின் அளவு 170 வோட். தங்கள் புரொசஸருக்கு 65 வோட் என்று போட்டிருந்தாலும், வேகம் கூடும் சிறு பொழுதுகளில் அது 134 வோட் வரை எடுப்பதற்கு இன்டெல் இடம் கொடுத்திருக்கிறது. இவை இரண்டுமே 304 வோட் ஆகிவிடுகின்றன. மதர்போர்ட், ரேம், டிஸ்க்குகள், காற்றாடிகள் ஆகியவற்றுக்கு 50 வோட் வைத்தால் உச்ச நேரத்தில் ஏறத்தாழ 354 வோட் வேண்டும். அதில் பெரும்பகுதி 12 வோல்ட் வழியில்தான் வரவேண்டும், அங்கே இருப்பதோ 264. புரொசஸர் 65 வோட்டுக்குள் அடங்கியிருந்தாற்கூட மிஞ்சுவது வெறும் 29 வோட். மேலும், இந்த வகைக் கார்டுகள் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குத் தமது சராசரியைவிட மிக அதிகமாக இழுப்பதுண்டு. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை இத்தகைய திடீர் ஏற்றங்களைத் தாங்கும்படி பவர் சப்ளைகளை வடிவமைக்கக் கேட்கிறது. தங்களிடம் இருப்பது அதற்கு வெகு முந்திய வடிவம். பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஆளி ஒன்று படத்தில் தெரிகிறதல்லவா? அது பழைய வடிவமைப்பின் அடையாளம். (அதைத் தவறியும் 115க்குத் தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்.)

முதற் கடைக்காரர் சொன்ன மாற்று வயரைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. இந்தக் கார்டின் பெரும்பாலான தயாரிப்புகளுக்கு ஓர் 8 பின் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பு 150 வோட் வரை கொடுப்பதற்கென வரையறுக்கப்பட்டது. 6 பின் என்றால் 75 வோட், மதர்போர்டில் கார்ட் செருகப்படும் இடத்திலிருந்து இன்னொரு 75 வோட். ஹார்ட் டிஸ்க்குக்குச் செல்லும் சாட்டா மின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கென இருப்பவை மூன்று பின்கள், ஒன்றுக்கு 1.5 அம்பியராகக் கணக்கிட்டால் அது தாங்கக்கூடியது 54 வோட் மட்டுமே. அதிலிருந்து 8 பின்னாக மாற்றும் வயர் கடையில் கிடைக்கிறது, அழகாகப் பொருந்தவும் செய்கிறது, ஆனால் பொருந்துவதும் தாங்குவதும் ஒன்றல்ல. கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் வீட்டில் அப்படிப் போட்ட இணைப்பியின் பிளாஸ்டிக் உருகி, பின்னோடு ஒட்டிக்கிடந்ததை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தேவையான இணைப்பு பவர் சப்ளையிலேயே இல்லை என்றால், அந்தச் சுமை அதற்கு உரியதல்ல என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது, எனினும் 650 கட்டாயமில்லை. என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 550 வோட். நல்ல 550 வோட் தயாரிப்பொன்றில் 12 வோல்ட் நிரலில் 45 அம்பியர் அளவு, அதாவது 540 வோட், இருக்கும். கடையில் பெட்டியைக் கையில் வாங்கி அந்த நிரலைப் படித்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். 650க்கும் 550க்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் பெரியதை எடுப்பதில் தவறில்லை. கணினி கேட்பதை மட்டுமே அது கொடுக்கும் என்பதால் மின்கட்டணம் அதனால் அதிகரிக்காது. இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்த வோட் அளவு எந்த வெப்பநிலைக்கு உரியது? சில தயாரிப்புகளுக்கு 25 பாகை செல்சியஸில் கணக்கிடுகிறார்கள், நல்லவற்றுக்கு 40 அல்லது 50 பாகையில். கொழும்பில் பிற்பகலில் அறையே 30 பாகையைத் தொடும்போது, கணினிப் பெட்டிக்குள் 25 என்பது ஒருநாளும் இருக்கப் போவதில்லை. வெப்பம் ஏற ஏற, கொடுக்கக்கூடிய அளவும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கொள்ளளவிகளின் ஆயுளும் குறையும்.

பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பவர் சப்ளை என்றால், அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே பாவியுங்கள். வேறொன்றின் கேபிள் முனை சரியாகச் செருகப்பட்டாலும் உள்ளே வயர்களின் வரிசை மாறியிருக்கலாம், அப்போது ஹார்ட் டிஸ்க் ஒரே கணத்தில் எரிந்துபோகும். பழைய பவர் சப்ளையின் மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

பணம் இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், பவர் சப்ளையை முதலில் வாங்குங்கள். கார்ட் இரண்டு மாதம் பிந்தினால் மகனின் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். தரமற்ற பவர் சப்ளை செயலிழக்கும்போது மதர்போர்டையும் அவருடைய வரைபடங்கள் இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம்.

கேள்வி: நல்ல பவர் சப்ளையுடன் புதிய கார்டைப் பொருத்திய பிறகு, மின்சாரம் நின்றதும் யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்துவிடுகிறது. வேலை எதுவும் ஓடாதபோது அப்படி நடப்பதில்லை. யு.பி.எஸ். 650 வி.ஏ., 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது.
— வாசகர், தெஹிவளை

பதில்: வி.ஏ. (வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கிய அளவு) என்பது வோட் அல்ல. 650 வி.ஏ. யு.பி.எஸ். பலவற்றின் உண்மை அளவு 360 முதல் 390 வோட் வரைதான். மேலே கணக்கிட்டது போன்ற கணினி உள்ளே 354 வோட் பாவிக்கும்போது, 85 சதவீதத் திறனுள்ள பவர் சப்ளை சுவரிலிருந்து ஏறத்தாழ 416 வோட் எடுக்கும். அந்தச் சுமையை ஏற்க முடியாமல் யு.பி.எஸ். தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, 2022இல் வாங்கிய பற்றரி மாற்றப்படாமல் இருந்தால் அதுவும் தளர்ந்திருக்கும். புதிதாக வாங்குவதானால் வி.ஏ. அளவைக் கேட்காமல் 600 வோட் கொடுக்குமா என்று கேளுங்கள், சைன் அலை (சுவர் மின்சாரத்தைப் போலச் சீராக ஏறி இறங்கும் அலை) வகையா என்றும் கேளுங்கள். இன்றைய பவர் சப்ளைகளில் சில, மலிவான யு.பி.எஸ்.களின் படிக்கட்டு அலையில் நின்றுவிடுகின்றன. அதுவரை, கனமான வேலை ஓடும்போது கோப்பை அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள்.