ஈரமாகவே இருந்த லாக்டைட்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் இருக்கிறேன். என் க்ளாக் 19 பிஸ்டலில் கம்பெனி போட்டுத் தந்த பிளாஸ்டிக் முன் சைட்டை (குறிபார்க்க உதவும் முனையை) எடுத்துவிட்டு, இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் வைத்த எஃகு சைட் மாட்டினேன். திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் 242-ஐத் திருகில் தாராளமாகவே தடவினேன். இரண்டு மணி நேரம் கழித்து ரேஞ்சுக்குப் போனேன். 200 தோட்டா சுடுவதற்குள் சைட் ஆட ஆரம்பித்துவிட்டது. கழற்றினால் மரைக்குள் பசை தண்ணீராகவே இருக்கிறது. பாட்டில் வாங்கும்போதே பாதிதான் இருந்தது. பழைய சரக்கோ என்று சந்தேகம். இன்னும் பலமான சிவப்பு லாக்டைட்டுக்கு மாறிவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிவப்பு வேண்டாம். பாட்டிலிலும் குற்றமில்லை.

இந்தப் பசை பெயின்ட் மாதிரி காற்றில் உலர்வதல்ல. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்றில்லாத இடுக்கில் இரும்பையோ செம்பையோ தொட்டால்தான் இறுகும். 1953-இல் அமெரிக்காவின் ட்ரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் உருவாக்கியது இது. பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்புவதும் அதற்காகத்தான், உள்ளே இருக்கும் காற்றுதான் பசையைக் கெடாமல் வைத்திருக்கிறது. ஆகவே திருகுத் தலையைச் சுற்றி வழிந்த பசை மறுநாளும் ஈரமாக இருந்தால் கவலைப்படாமல் துடைத்துவிடுங்கள். மரைக்குள்ளேயே ஈரமாக இருந்ததுதான் கோளாறு.

பெரும்பாலும் அதற்குக் காரணம் எண்ணெய். புது சைட்டும் திருகும் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சோடு வரும். பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடிலும் எண்ணெய் இருக்கும். அதன்மேல் பசை விட்டால் உலோகத்தைத் தொடாமல் மிதக்கும். இரண்டு மணி நேர அவசரமும் சேர்ந்துகொண்டது. எஃகில் 242 பத்து இருபது நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் முழு பலம் வர அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வேண்டும். குளிர்கால கராஜில் இன்னும் தாமதமாகும். துத்தநாகம் பூசிய திருகு, ஸ்டெயின்லெஸ் திருகு என்றாலும் அப்படியே. அவற்றுக்கு முதலில் பசையை விரைவாக இறுக வைக்கும் 7649 ஆக்டிவேட்டர் தடவிக்கொள்வது நல்லது.

மூன்றாவது ஒன்று பலர் கவனிக்காதது. க்ளாக் முன் சைட்டின் தண்டில் உள்ள துளைக்கு மறுபக்கம் திறப்பில்லை. திருகின்மேல் தடவி உள்ளே முறுக்கினால், அடியில் சிக்கிய காற்று பசையை வெளியே தள்ளிவிடும். இப்படிப்பட்ட துளையில் பசையை உள்ளேதான் விட வேண்டும்.

இனி வேலை. தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். மேகசினை எடுத்து, பேரலின் பின்முனையில் தோட்டா நிற்கும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். க்ளாக்கைப் பிரிக்க டிரிகரை அழுத்தியாக வேண்டும், அதனால் இதில் அலட்சியம் கூடவே கூடாது. ஸ்லைடிலிருந்து பேரலையும் ஸ்பிரிங்கையும் எடுத்தால் உள்பக்கம் அறுகோணத் தலை தெரியும். அதற்கு 3/16 இன்ச் மெல்லிய சுவர் நட் டிரைவர்தான் சரி. சாதாரண சாக்கெட்டின் தடித்த சுவர் அந்தக் குறுகிய இடத்தில் இறங்காது.

திருகைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் விட்டுப் போட்டு, பழைய பசையைப் பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். துளைக்குப் பல்குத்தியில் சிறிது பஞ்சு சுற்றி ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். சைட்டை அசிட்டோனில் போடாதீர்கள், டிரிட்டியத்தைச் சுற்றியுள்ள பெயின்ட் போய்விடும். பத்து நிமிடம் உலர விடுங்கள்.

பிறகு பல்குத்தி நுனியில் நிற்கும் அளவு பசை, கடுகளவு, துளைக்குள். அவ்வளவுதான். சைட்டை நேராக உட்கார வைத்து, அடியில் வெளிச்சம் ஊடுருவாததைப் பார்த்துவிட்டு, டிரைவரைக் கட்டைவிரலும் இரு விரலுமாகப் பிடித்து முறுக்குங்கள். முழுக் கையால் இறுக்கினால் திருகு ஒடிந்து தண்டுக்குள்ளேயே நின்றுவிடும். தலைக்கும் ஸ்லைடுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று தெரியும். 24 மணி நேரம் எண்ணெயோ சால்வென்டோ படக்கூடாது.

சிவப்பு ஏன் வேண்டாம்? உங்கள் திருகு தளர்ந்தது பசையின் பலம் குறைந்ததால் அல்ல. தயாரிப்பாளர் கணக்கில் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திருகுகளுக்கு ஊதா 222 போதும். நீலமே அதைவிட ஒரு படி மேல். சிவப்பைக் கழற்ற சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடாக்க வேண்டும். உங்கள் சைட்டில் இருப்பது டிரிட்டியம் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. பழைய பிளாஸ்டிக் சைட்டைத் திரும்ப மாட்டுவதானால் எந்த நிறமும் வேண்டாம். இந்தப் பசை சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விடும்.

பின்னாளில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் மின் சைட்) மாட்டும் எண்ணமிருந்தால் ஒன்று. ரெட் டாட் மாட்டவென்றே வெட்டித் தரும் எம்.ஓ.எஸ். ஸ்லைடில், வலப்பக்கத் திருகுத் துளைக்கு நேர் கீழே எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியை) அழுத்தும் கம்பி ஓடும் வழி இருக்கிறது. அங்கே வழிந்து இறங்கிய பசை உலோக இடுக்கில், காற்றில்லாமல், தன் வேலையை ஒழுங்காகவே செய்யும்: கம்பி ஒட்டிக்கொள்ளும், காலி தோட்டா வெளியே வராது. திருகு நீளமாக இருந்தாலும் இதே கதி. மாட்டியபின் எக்ஸ்ட்ராக்டரை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டுப் பிஸ்டலை மீண்டும் சேர்த்து மாட்டுங்கள்.