பல் பிடுங்கப் போனால் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது எதற்கு?

கேள்வி: கடைவாய்ப்பல் பிடுங்கப் போன இடத்தில் முதலில் சுகர் டெஸ்ட் எடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது. இது தேவையா, இல்லை பில்லை ஏற்றும் வேலையா? பல் மருத்துவர்களே இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

பல்லடம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் நான். வருகிற எல்லோருக்கும் குத்திப் பார்க்கத் தேவையில்லை, சிலருக்குப் பார்க்காமல் விடக்கூடாது என்பது என் கட்சி. அந்தச் சிலர் யார், பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை.

"எனக்குச் சர்க்கரை கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது பார்த்தீர்கள்? எங்களிடம் அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் - இண்டியாப் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய்) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி. இவர்களில் நிறையப் பேர் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொதுமருத்துவரிடம் போகவே மாட்டார்கள். பல் வலி என்றால் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து நிற்பார்கள். அதனால்தான் அந்த மனுஷரைப் பல வருஷங்களில் பார்க்கிற முதல் டாக்டராக நாங்கள் இருந்துவிடுகிறோம்.

ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கெடுக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன, ஈறில் கிருமி வேரூன்றுகிறது, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. திரும்ப, ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு சிகிச்சையை ஒழுங்காகச் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. புது மாத்திரை இல்லாமல் அவ்வளவு இறங்குவது சின்ன விஷயம் இல்லை.

யாருக்குக் குத்துவேன் என்றால், வாய் காட்டிக்கொடுக்கும். பல்லில் காரை கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் ஈறுக்குள் கருவியை விட்டால் ஆழமாக இறங்கும். அழுக்குக்கும் அழிவுக்கும் கணக்கு ஒத்துவராத அந்த வாயைப் பார்த்தால் கை தானாகக் குளூக்கோமீட்டரை, அதாவது சர்க்கரை பார்க்கும் மிஷினை, தேடும். அப்புறம் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் சீழ்க்கட்டி, பொய்ப்பல்லுக்கு அடியில் வெள்ளைப் படலம், வாய் வறட்சி, நாக்கு எரிச்சல், போன தடவை பிடுங்கிய குழி ஆற ரொம்ப நாள் ஆனது என்ற பேச்சு. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு அதிகம், நாற்பது தாண்டியாயிற்று என்றால் இன்னும் சீக்கிரம் பார்த்துவிடுவேன்.

சோமனூர்ப் பக்கம் இருந்து ஒரு அம்மா வந்தார். தறிக்குடும்பம். முன்பல் இரண்டும் இடைவெளி விட்டு முன்னால் தள்ளியிருந்தன, விரலால் அழுத்தினால் ஈறோரம் சீழ் எட்டிப் பார்த்தது. விரலில் குத்தும் லான்செட் ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, பல்லு ஆடுதுன்னு வந்தா வெரலைக் குத்தறே?"

"ஈறைப் பார்த்தா ஒரு சந்தேகமுங்கம்மா. பார்த்துட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

342 வந்தது. "எங்கூட்ல ஒருத்தருக்கும் சக்கரை இல்லையே சாமி, மிசின் சரியில்லையாட்ட இருக்குது" என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கிட்டத்தட்ட அதேதான். அன்றைக்குப் பல்லைத் தொடவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்ததோடு விட்டிருந்தால் அது முந்தானையிலேயே இருந்திருக்கும். வரவேற்பில் இருக்கும் பெண் அவர் மருமகளுக்கே போன் போட்டுப் பேசிய பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

எங்கள் ஆட்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். வேண்டாம் என்று யாரும் கொள்கை பேசுவதில்லை. 2010-ல் அமெரிக்காவில் கேட்டபோதும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் இது முக்கியம் என்றுதான் சொன்னார்கள். 2018-ல் பல் கிளினிக்கில் ஹெச்பிஏ1சி பார்ப்பதற்கு அங்கே பில்லில் போடத் தனிச் சேவை எண்ணே வந்துவிட்டது. ஈரோட்டில் இருக்கும் என் வகுப்புத் தோழன் கேட்பதே வேறு: "நான் 280-னு சொல்லுவேன், அவரு பக்கத்துத் தெரு கிளினிக்ல போய் அன்னிக்கே புடுங்கிட்டு வந்துருவாரு. எனக்கு என்ன லாபம்?" நியாயமான எரிச்சல்தான். நேரம், ஊசியை வெள்ளை டப்பாவில் போட்டு முறைப்படி அனுப்பும் வேலை, "பல் டாக்டருக்குச் சுகரைப் பத்தி என்ன தெரியும்" என்ற முணுமுணுப்பு, எல்லாம் சேர்ந்து பலரும் நோயாளி வாயால் "சுகர் இருக்குங்க" என்று சொன்னால் மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்தவருக்கு ஏற்கெனவே ஒரு டாக்டர் இருக்கிறார். தெரியாதவருக்குத்தான் ஆள் இல்லை.

அதே சமயம் எங்களுக்கு ஒரு எல்லை உண்டு. குளூக்கோமீட்டரை வைத்து யாருக்கும் சர்க்கரை நோய் என்று நாங்கள் முத்திரை குத்தக்கூடாது. ஷிப்டு முடிந்து பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டு நேராக வருபவருக்கு எண் ஏறித்தான் இருக்கும். கடும் வலியும் சீழும்கூட ஏற்றிவிடும். அதனால் சீட்டில் எண், நேரம், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று மட்டும் எழுதி, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்க்கச் சொல்லி அனுப்புவேன். வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சியில் 6.5, இவற்றைத் தொட்டால் மேற்கொண்டு சொல்ல வேண்டியது பொதுமருத்துவர். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஹெச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம் என்பதையும் அவர்தான் கணக்கில் எடுப்பார்.

பனியன் கம்பெனிக்காரர்களாக இருந்தால் இஎஸ்ஐ இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இந்த வசதி இருப்பதால்தான் அனுப்புகிற தைரியமே வருகிறது.

இன்னொரு காரணத்துக்காகவும் குத்துவோம், அது யாருக்கும் தோன்றாது. பல் பிடுங்கப் போனால் சாப்பிடக்கூடாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் ஓடுகிறது. காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, பட்டினியாக வந்து, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார்கள். பயத்தில் வேர்க்கிறது என்று நினைத்தால் மீட்டரில் சர்க்கரை 58-க்கு இறங்கியிருக்கும். மரத்துப்போகும் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் சர்க்கரைத் தண்ணீர்தான்.

உங்களுக்கு எத்தனை வந்தது என்று எழுதவில்லை. 140-க்குள் என்றால் பல்லைப் பிடுங்கிவிட்டு வேலையைப் பாருங்கள். 140-க்கு மேலே, 200-க்குக் கீழே என்றால் அவசரமில்லை, ஆனால் இந்த மாதத்துக்குள் லேபில் பாருங்கள். 200-ஐத் தாண்டியிருந்தால் இந்த வாரமே போங்கள். முகம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் மட்டும் எண்ணைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள், அதை இரண்டு டாக்டரும் சேர்ந்து உடனே பார்க்க வேண்டும். பில் விஷயம்: ஒரு ஸ்ட்ரிப் இருபது முப்பது ரூபாய்தான் ஆகும். அதற்குப் பத்து மடங்கு போட்டிருந்தால் தாராளமாகக் கேளுங்கள், நானாக இருந்தாலும் கேட்பேன்.