கோத்தகிரியில் ஒரு கார்னேஷன் வரிசை

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் 14 பேர். நாலு பேர் கொழுந்து பறிக்கிறவர்கள், ரெண்டு ஆசிரியைகள், ஒரு வங்கி ஊழியர், மீதிப் பேர் இல்லத்தரசிகளும் கல்லூரிப் பிள்ளைகளும். யாரும் முறையாக நடனம் படித்ததில்லை. பினா பௌஷ் அமைத்த ‘நெல்கன் வரிசை’யை வீடியோவில் பார்த்ததிலிருந்து, அதைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஆட வேண்டும் என்று ஆசை. ஆனால் அதில் வரும் நாலு பருவமும் ஐரோப்பாவுடையது. இலையுதிர்காலம் என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையாது. அசைவுகளை நம் ஊருக்கு ஏற்ப மாற்றலாமா? தமிழில் ஆறு பெரும்பொழுது இருக்கிறதே, ஆறாகவே செய்துவிட்டால் என்ன?
— ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: மாற்றாதீர்கள் டீச்சர். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், இதைக் கேள்விப்படாத வாசகர்களுக்காக முதலில் நாலு வரி.

பினா பௌஷ் ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்தில் நடனக் குழு நடத்தியவர். 2009இல் காலமானார். ‘நெல்கன்’ அவர் 1982இல் மேடையேற்றியது. நெல்கன் என்றால் ஜெர்மன் மொழியில் கார்னேஷன் பூக்கள். தென் அமெரிக்கப் பயணத்தில் பார்த்த ஒரு கார்னேஷன் வயல் மனதிலேயே நின்றுவிட, மேடை முழுக்க ஆயிரக்கணக்கில் செயற்கைக் கார்னேஷன்களை நட்டு, ஆடுகிறவர்களை அதற்குள் நடக்கவிட்டார். அதில் ஓர் இடத்தில் குழுவினர் ஒருவர் பின் ஒருவராக நடந்தபடியே கையால் பருவங்களைச் சொல்லிக்கொண்டு போவார்கள். வசந்தத்துக்குக் குட்டைப் புல். கோடைக்கு வளர்ந்த புல்லும் சூரியனும். அப்புறம் இலை உதிரும். அப்புறம் குளிரில் நடுங்குவார்கள். மறுபடி புல் முளைக்கும். பின்னணியில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட். அவ்வளவுதான் விஷயம். பினா பௌஷ் அறக்கட்டளையே இதை யார் வேண்டுமானாலும் கற்று, தங்கள் ஊரில் ஆடி, படம் பிடித்து அனுப்பலாம் என்று அழைப்பு விட்டது. கற்றுத் தரும் வீடியோவும் போட்டது. அதனால் நீங்கள் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. டிக்கெட் போட்டு மேடையில் ஆடுவதாக இருந்தால் மட்டும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள், அதுதான் மரியாதை.

ஆடத் தெரியாதவர்கள் என்று கூச்சமும் வேண்டாம். 1978இல் தன் குழுவுக்காகச் செய்த ‘கான்டாக்ட்ஹோஃப்’ என்ற படைப்பை, 2000இல் 65 வயது தாண்டிய ஊர்க்காரர்களை வைத்தும், 2008இல் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை வைத்தும் அந்த அம்மாள் மறுபடி மேடையேற்றினார். நடனத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல அவர்கள்.

இனி உங்கள் கேள்வி. மூன்று வருஷத்துக்கு முன்னால் குன்னூரில் 11 பேரை வைத்து இதே வரிசையை நானும் செய்தேன். உங்களுக்கு வந்த யோசனை எனக்கும் வந்தது. எங்களோடு கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா இருந்தார், முப்பது வருஷக் கை. வசந்தத்துக்குக் குட்டைப் புல் காட்டச் சொன்னால் அவர் விரல் தானாக மடங்கிக் கிள்ளும், ரெண்டு இலை ஒரு கொழுந்து என்கிற அதே கிள்ளு. “அக்கா, அது புல்லு, பறிக்கக் கூடாது” என்று நான் திருத்தினேன். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் கை மரக்கட்டை மாதிரி நிற்கிறது, புல்லும் இல்லை கொழுந்தும் இல்லை. சரி, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். கிள்ளல் திரும்பி வந்தது, கூடவே புல்லும் வந்துவிட்டது.

இதைப் பார்த்த மற்ற பத்துப் பேருக்கும் ஆசை வந்தது. எல்லோரும் கிள்ள ஆரம்பித்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை! டீத்தூள் விளம்பரம் போல இருந்தது. அக்காவுக்கு வந்தது அவருடைய கை. மற்றவர்கள் செய்தது நடிப்பு. ஆகவே கொடுத்த அசைவை அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அதில் வந்து ஒட்டிக்கொள்வதை நீங்கள் தடுக்கவும் முடியாது, வரவழைக்கவும் முடியாது.

இலையுதிர்காலம் இல்லை என்கிறீர்கள். சோலைக் காட்டைப் பார்த்தால் உண்மைதான், அங்கே மரம் மொத்தமாக மொட்டையாவதில்லை, தளிர்தான் சிவப்பாக வந்து வெளியூர்க்காரரை ஏமாற்றும். ஆனால் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அதன் இலை விழும்போது ஒரு திருப்பத்துக்குப் பச்சை, மறு திருப்பத்துக்கு வெள்ளி. நேராக விழாது, தயங்கித் தயங்கிப் பக்கவாட்டில் போய் விழும். எங்கள் குழுவில் ஒரு பையனுக்கு உதிரும் இலை சுத்தமாக வரவில்லை, கையைப் பொத்தென்று போடுவான். ஒரு சாயங்காலம் அவனை ஓக்கு மரத்தடியில் உட்கார்த்திவைத்தேன். மறுநாள் வந்துவிட்டது.

ஆறு பெரும்பொழுது? அழகான யோசனை, ஆனால் அது வேறு ஆட்டம். அதை நீங்களே அமைத்து உங்கள் பெயரிலேயே போடுங்கள், பினாவின் பெயர் அதற்கு வேண்டாம். செய்வதாக இருந்தால் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். குறிஞ்சிக்கு உரியது கூதிரும் முன்பனியும் என்று இலக்கணம் சொல்வது நம் மலைக்கு அச்சாகப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக் குளிர், மார்கழி, தையில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி. ஆனால் ஆனி, ஆடி முதுவேனில், அதாவது கடுங்கோடை என்று, அப்போது மழை கொட்டும் கூடலூர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள், குடையாலேயே அடிப்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், அதுதான் முக்கியம். கை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். நடைக்கு மூன்று வாரம் வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடந்தால் வரிசை ரேஷன் கடை வரிசையாகிவிடும். பார்வை பக்கத்தில், பார்க்கிறவர்கள் பக்கம் இருக்க வேண்டும். இடைவெளியைக் காதாலும் காலாலும் பிடிக்கப் பழகுங்கள். முதல் வாரம் கையே வேண்டாம், பாட்டைப் போட்டு வெறுமனே நடங்கள். உங்களில் நம் மலையின் படுகர் சமூகத்து வீட்டுக்காரர்கள் இருந்தால் வரிசையில் மூன்று பேருக்கு ஒருவராகக் கலந்து நிறுத்துங்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் சின்ன வயதிலிருந்து வட்டமாகச் சேர்ந்து ஆடிய கால் அது, அடுத்தவர் அடியைக் கேட்டே எடுத்துவைக்கும். எங்கள் வரிசையைப் பிசகாமல் தாங்கியது அப்படிப்பட்ட ரெண்டு பேர்தான், என் இருபத்திரண்டு வருஷ நாட்டியப் பாடம் அல்ல.

கேள்வி: எனக்கு 67 வயது, முழங்கால் தேய்மானம். வரிசையில் சேரலாமா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், ஊட்டி

பதில்: மலையில் தபால் கொடுத்த காலுக்கு இந்த நடை பெரிதில்லை. மண்டி போடுவதோ குதிப்பதோ கிடையாது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், இறக்கமான பாதையை மட்டும் ஒதுக்குங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் எதிரி. உங்களை வரிசையின் முதல் ஆளாக நிறுத்தினால் எல்லோருக்கும் உங்கள் வேகம், பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: மேடை நிறைய கார்னேஷன் வைத்தார்களாமே, நாங்களும் பாதையில் பிளாஸ்டிக் பூ பரப்பலாமா?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: பிளாஸ்டிக்கா? நீலகிரியிலா? செக்போஸ்டில் தண்ணீர் பாட்டிலையே பிடுங்குகிறார்கள் அம்மா. அதோடு, ஜெர்மனிக்காரர்களுக்குத்தான் கார்னேஷன் மேடைப் பூ. நமக்கு அது பசுமைக்குடிலில் வலைக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் பிழைப்பு. மொட்டு பக்கவாட்டில் வெடித்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்ட் மாட்டுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படியும் வெடித்த பூவைத் தரம் பிரிக்கும்போது கழித்துப்போடுவார்கள். கேட்டால் ஒரு கூடை தருவார்கள். பாதையில் பரப்ப வேண்டாம், மிதித்தால் வழுக்கும். ஆளுக்கு ஒன்று தலையிலோ சட்டைப் பையிலோ வையுங்கள்.

கேள்வி: குறிஞ்சி பூக்கும்போது இதை ஆடினால் பொருத்தமாக இருக்குமே?
— கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: கடைசியாக 2018இல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. உங்களுக்கு வயது இருக்கிறது. குழுவில் உள்ள பாட்டிகளைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். பூத்தாலும் செடிக்குள் இறங்கி ஆடாதீர்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கவே கூடாது.

கேள்வி: திறந்தவெளியில் பாட்டுக்கு என்ன செய்வது?
— வங்கி ஊழியர், கோத்தகிரி

பதில்: (டீச்சருடைய குழுவில் உள்ள அதே வங்கி ஊழியர்தானே?) ஆளுக்கு ஒன்றரைக் கை இடைவெளி விட்டால் 14 பேர் வரிசை இருபது மீட்டர் நீளும். ஸ்பீக்கரை ஒரு முனையில் வைத்தால் மறுமுனைக்குப் பாட்டு மெலிந்து, ஒரு துளி தாமதமாகக் கேட்கும், நடை பிசகும். வரிசையின் நடுவில் நடக்கிறவர் தோள் பையில் ஒரு சின்ன ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்ளட்டும். முழு சார்ஜ் முக்கியம். எங்களுக்குப் பாதி வழியில் மூடுபனி இறங்கி, பாட்டும் நின்றுபோனது. எண்ணிக்கொண்டே நடந்தோம். வளைவில் திரும்பினால் பத்தடிக்கு அந்தப் பக்கம் தேயிலைக்குள் ஒரு காட்டெருமை, அசையாமல் எங்களையே பார்க்கிறது. அது நகர்கிறவரை நாற்பது நிமிஷம் பின்வாங்கி நின்றோம். குளிர்கால நடுக்கம் அன்றைக்குத்தான் பதினோரு பேருக்கும் சரியாக வந்தது. காலை ஒன்பதுக்கு மேல் போங்கள், தோட்டத்து வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிளாஸ்கில் டீ எடுத்துக்கொள்ளுங்கள்.