கொழும்பு வளர வேண்டுமென்றால் குப்பையையும் வெள்ளத்தையும் சகித்துத்தான் ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். நகரம் வளர்ந்தால் குப்பையும் வெள்ளமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், முடுக்குகளில் இருந்தவர்களுக்கு மாடி வீடும் கிடைத்துவிட்டது, பிறகும் ஏன் குறை சொல்கிறார்கள் என்பது முதலாவது. கொழும்பை ஒட்டிய கொலன்னாவைப் பக்கம் காணி வாங்கலாமா என்பது இரண்டாவது. காணிக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வி எனக்குச் சுட்டுவிட்டது. அதனால்தான் வேலை முடிந்து வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

காணி பார்க்கிற நிலையில் இருக்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டுக் குப்பை காலையில் லொறியில் ஏறியதும் உங்களுக்கு அதன் கதை முடிந்துவிடும். நான் பிறந்து வளர்ந்தது அப்போது அந்த லொறிகள் போய்க் கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில், வட கொழும்பு புளூமெண்டலில். எங்கள் முடுக்கை நாங்கள் தோட்டம் என்போம். அந்தத் தோட்டத்துக்குப் பின்னால் குப்பைமேடு. மழை பெய்தால் அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்து எங்கள் வாசல் கானுக்குள் இறங்கும். வெயிலுக்கு அதுவாகவே உள்ளே தீப்பிடித்துப் புகையும். இலையான் தொல்லை தாங்காமல் அம்மா தம்பியை நுளம்பு வலைக்குள் உட்கார வைத்துத்தான் சோறு ஊட்டுவார். பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்து வெளியே காயப்போட முடியாது, மணம் ஏறிவிடும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குப்பையும் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் கிடந்தது.

2009இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு புளூமெண்டலில் கொட்டுவது நின்றது. எங்களுக்கு விடிவு வந்தது உண்மைதான். ஆனால் கொழும்பு குப்பை போடுவதை நிறுத்தவில்லையே. அதே லொறிகள் கொலன்னாவை மீதொட்டமுல்லைக்குத் திரும்பின. ஒரு காலத்தில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தில் ஒரு நாளைக்கு 800 தொன் அளவில் கொட்டினார்கள். அங்கே இருந்த சனம் வருடக்கணக்கில் கத்தியது. மறியல் செய்தார்கள், வழக்குப் போட்டார்கள், சுவர் வெடிக்கிறது என்று காட்டினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று பிற்பகல் மேடு சரிந்தது. அடியில் இருந்த சேற்று நிலம் பாரம் தாங்காமல் பக்கவாட்டில் தள்ளப்பட்டதால், குப்பை விழாத இடத்திலும் வீடுகள் பிளந்தன. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு வீட்டில் கூடியிருந்த குடும்பங்கள்.

அந்த வாரம் என்னோடு வேலை செய்யும் ஒருவர், படித்தவர், நம்முடைய ஆள், "குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் யார் அவர்களைப் போய் இருக்கச் சொன்னது?" என்று கேட்டார். இதே கேள்வியை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். யாரும் குப்பைக்குப் பக்கத்தில் போய்க் குடியிருக்கவில்லை. வீடுகள் முதலிலேயே இருந்தன, உறுதியோடு, சிலது மாடி வைத்துக் கட்டிய நல்ல வீடுகள். குப்பைதான் பிறகு வந்தது. வளர்ச்சி என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தரம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். சகிக்க வேண்டும் என்கிறீர்கள், சரி. ஆனால் ஒரே ஆட்களே ஏன் ஒவ்வொரு தரமும் சகிக்க வேண்டும்?

மேடு சரிந்த பிறகு குப்பை கொட்ட இடமில்லாமல் நகரம் முழுவதும் வீதியோரம் குவிந்தது. அந்த வருடம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு. மழையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. அப்புறம் குப்பை கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டிக்குப் போனது. அதற்குப் பிறகு ரயிலில் ஏற்றிப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம். புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கி, கொழும்பின் குப்பை எங்களுக்கு எதற்கு என்று கேட்டபோது, இங்கே சிலர் அவர்களைச் சுயநலக்காரர்கள் என்றார்கள். எனக்கு அந்த மக்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

நான் அரசியல் பேசுகிறேன் என்று யாராவது எழுதக்கூடும். இல்லை. இந்த இடங்களில் நடந்தவை எல்லாம் ஒரே ஆட்சியில் நடந்தவை அல்ல, எல்லாக் கட்சியும் மாறி மாறி இருந்திருக்கிறது. வளர்ச்சி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. என் தம்பி மேசன் வேலை செய்கிறான், காலிமுகத்திடல் பக்கம் எழும்பும் கட்டடங்களில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

இனி மாடி வீடு. குப்பைமேடு மூடிச் சில வருடத்தில் எங்கள் தோட்டத்தையும் அரசு எடுத்தது. பதினோராம் மாடியில் வீடு கிடைத்தது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரை ஒழுகாது. சொந்தக் கழிப்பறை உண்டு. தோட்டத்தில் இருந்தபோது இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போக அக்காவுக்குத் துணைக்கு ஒருவர் எழும்ப வேண்டும். அந்த ஒன்றுக்காகவே அக்கா இந்த வீட்டை விட்டு அசைய மாட்டாள். பெண்பிள்ளை உள்ள வீட்டுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.

ஆனால் அம்மா இடியப்பம் அவித்து விற்றுத்தான் எங்கள் மூன்று பேரையும் படிப்பித்தார். விடிய முதல் விறகடுப்பு மூட்டி, தோட்டத்து வாசலில் ஒரு மேசை போட்டால், துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிற நாட்டாமிமாரும் ஆட்டோக்காரர்களும் சம்பல், சொதியோடு வாங்கிக்கொண்டு போவார்கள். காசில்லாதவர் மறுநாள் தருவார். பதினோராம் மாடிக்கு எந்த நாட்டாமி ஏறி வருவார்? விறகடுப்பு அங்கே கூடாது, காஸில் அவித்தால் கட்டாது. கீழே மேசை போடவும் விடவில்லை. லிஃப்ட் பழுதானால் முழங்கால் வலியோடு அம்மா நாள் கணக்கில் மேலேயே இருந்துவிடுவார். உழைத்து நாலு பேரோடு கதைத்துக்கொண்டிருந்த மனுஷி, மருந்துக்கும் பிள்ளைகளிடம் கேட்டு நிற்க வேண்டி வந்தது. வீட்டுக்கு மாதக் கட்டணம் வேறு. 2022இல் காஸ் இல்லாமல் போனதே, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது தரையில் இருந்தவர்கள் மூன்று கல்லை வைத்தாவது சோறு ஆக்கினார்கள். எங்களுக்குத் தண்ணீர் மோட்டரும் ஓடவில்லை, லிஃப்டும் இல்லை, அடுப்பும் இல்லை. தம்பி கீழே ஒரு மூலையில் சமைத்து, சட்டியைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. வீடு ஒதுக்கும் குலுக்கலுக்கு எப்போது, எங்கே வர வேண்டும் என்ற கடிதம் முழுக்கச் சிங்களத்தில் வந்தது. அம்மா சிங்களம் சரளமாகக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. சந்திக் கடை முதலாளியிடம் கொடுத்து வாசிப்பித்தார், நல்ல மனிதர், இல்லாவிட்டால் நாளைத் தவறவிட்டிருப்போம். தமிழ் ஆட்சி மொழியாகி 1987இலிருந்து எத்தனை வருடம்! பாதித் தமிழ்ச் சனம் இருந்த தோட்டத்துக்கு ஒரு தாளின் மறுபக்கத்தில் தமிழில் அடித்து அனுப்ப முடியாதா? நான் அந்த அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "உங்களுக்கு விளங்கியதுதானே" என்றார்கள்.

சரி, காணி. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது, தலைநகரங்களில் முதலாவது. அதற்குப் பெருமைப்படலாம். அதே சதுப்பைக் கிரவல் மண் போட்டு நிரப்பித் துண்டு துண்டாக விற்பதும் நடந்துகொண்டே இருக்கிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் முழுகின. என் சித்தி வெல்லம்பிட்டியில் இருக்கிறார். முன்பெல்லாம் அவர் முற்றத்தோடு நின்ற தண்ணீர், பக்கத்துக் காணிகளை உயர்த்திக் கட்டியபின் நேரே வீட்டுக்குள் வருகிறது. புதிதாகக் கட்டியவர்களின் வாசல் காய்ந்திருக்கும், சித்தியின் அலுமாரி மிதக்கும்.

ஆகவே வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தாழ்நிலத்தை நிரப்ப அனுமதி எடுக்க வேண்டும், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காணியை நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். தரகரை விட்டுவிட்டுத் தனியாகப் போய், பக்கத்தில் உள்ள பழைய வீடு ஒன்றில் 2016இல் தண்ணீர் சுவரில் எதுவரை நின்றது என்று விசாரியுங்கள். நீங்கள் உங்கள் காணியை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குப் போகுமா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிட்டு முற்பணம் கொடுங்கள்.