கேள்வி–பதில்: மலைக்குப் போகும் நர்ஸ்

கொல்லிமலையில் ஒரு காலத்தில் வேலை செய்த மிஷனரித் தம்பதியைப் பற்றி முன்பு இந்தப் பகுதியில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து நிறையக் கடிதங்கள். பழங்குடி மக்களிடம் மிஷனரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றித்தான் எல்லாமே. பாராட்டும் உண்டு, திட்டும் உண்டு. சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

"மகள் நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இப்போது ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மலைவாழ் மக்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சம்பளமும் குறைவு. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், வாயே திறக்க மாட்டேன் என்கிறார். அனுப்பலாமா?" – ஓர் அம்மா, தங்கச்சிமடம்

அனுப்பலாம் அம்மா. ஆனால் எங்கே போகிறாள் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

அது ராஜ்மகால் குன்றுகள் இருக்கும் பக்கம், கீழே கங்கை ஓடுகிறது. குன்றின் மேலே இருப்பவர்கள் பகாடியா மக்கள், பேசுவது மால்தோ. அது நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம்தான், கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மகால் மொழியையும் திராவிடக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார். வீடு மேலே இருக்கும், ஊற்று கீழே இருக்கும், குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள்தான் ஏற வேண்டும். சரிவில் சோளமும் காராமணியும் விதைக்கிறார்கள். விளைவதற்கு முன்பே சமவெளியில் இருக்கும் மகாஜனிடம் கடன் வாங்கியிருப்பதால் காராமணிக்கு அவன் வைத்ததுதான் விலை. நம் கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவரிடமே போட்டாக வேண்டியிருக்கிறதே, அதே கதை. உங்கள் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை வாய் திறப்பார்.

நோய் என்று பார்த்தால் மலேரியா, காசநோய், அப்புறம் நம் பக்கம் யாரும் கேள்விப்படாத காலா அசார். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையிலும் ஒண்டியிருக்கும் மணல் ஈ கடித்துப் பரவுகிறது. ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச், பாகுர், தும்கா, கோட்டா என்ற நான்கு மாவட்டங்களில்தான் இது காலங்காலமாக இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடவில்லையா, முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்லி, வலது அடிவயிற்றில் கையை வைத்து, மூச்சை இழு இழு என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இடது விலா நோக்கிக் கையை நகர்த்திக்கொண்டு போவார்கள். மண்ணீரல் வீங்கியிருந்தால் மூச்சை இழுக்கும்போது அதன் விளிம்பு விரலில் வந்து இடிக்கும். முற்றியவர்களுக்குத் தொப்புள்வரைகூட இறங்கியிருக்கும். பிறகு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் வைத்து உறுதி செய்வார்கள். முன்பெல்லாம் இதற்கு இருபது முப்பது நாள் தினம் ஊசி போட வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்த கூலிக்காரக் குடும்பம் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அடுப்பு எரியுமா? பாதியில் ஓடிப்போவார்கள், நோய் திரும்பும். இப்போது ஒரே நாளில் ஏற்றும் மருந்து வந்துவிட்டது. உங்கள் மகள் நல்ல நேரத்தில்தான் போகிறாள்.

பிழைக்கிறவர்கள் மருந்தால் மட்டும் பிழைப்பதில்லை. காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே யாராவது கீழே அழைத்து வர வேண்டும். அதற்கு அந்த மலைக் கிராமத்திலேயே பழக்கப்பட்ட ஓர் ஆள் வேண்டும், மால்தோ பேசுகிற ஆள், பக்கத்து வீட்டு ஆள். நம்மூரிலிருந்து போகும் நர்ஸ் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இந்த வேலையை அவளால் செய்ய முடியாது. அதனால் நான் எந்த மிஷன் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த மக்களிலிருந்து எத்தனை பேரைச் சுகாதாரப் பணியாளராக, நர்ஸாக ஆக்கியிருக்கிறீர்கள்? பல வருடம் கழித்தும் ஊசி போடுகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் மட்டும் உள்ளூர்க்காரர்கள் என்றால் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை. உங்கள் மகளை இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல நிர்வாகம் என்றால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

மற்றது நடைமுறை. சம்பளம், விடுப்பு, தங்குமிடம் எல்லாம் எழுத்தில் வேண்டும். அந்த மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய யார் உதவுவார்கள் என்று கேளுங்கள். இரவுப் பணியில் கூட டாக்டர் இருப்பாரா என்பதும் முக்கியம். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது. "இரண்டு வருடம், அப்புறம் பேசலாம்" என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. வேலூர் சி.எம்.சி.யில் திருச்சபைகள் அனுப்பிப் படிக்கிறவர்களுக்கும் இப்படி இரண்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கட்டு உண்டு. அதில் பலர் திரும்பி வந்துவிடுவார்கள், சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

"சேவை என்பது மேல்பூச்சு, உள்ளே மதமாற்றம்தானே? நேரடியாகப் பதில் சொல்லவும்." – ஒரு வியாபாரி, கீழக்கரை

சரி, நேரடியாகவே சொல்கிறேன். மிஷனரி என்று பெயர் வைத்துக்கொண்டு போகிறவருக்குத் தன் மதத்தைச் சொல்லும் எண்ணம் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். அவர்களே மறைப்பதில்லை. மருந்துக்கும் மதத்துக்கும் முடிச்சுப் போடுகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கிறவனால் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அந்த நேரத்தில் அவனிடம் எதையும் கேட்கக் கூடாது, ஜெபத்துக்கு வா என்றுகூட. இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. ஜார்க்கண்டில் 2017-இல் வந்த சட்டப்படி கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டுவரை சிறை, பழங்குடியினர், பெண்கள், சிறுவர் என்றால் நான்கு ஆண்டுவரை.

ஆனால் இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எதுவரை போனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒடிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்த கிரகாம் ஸ்டெயின்ஸை, 1999 ஜனவரியில், ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தபோது, பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு மகன்களோடு சேர்த்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னித்துவிட்டு அந்தத் தொழுநோய் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். அவர் மன்னித்ததால் நமக்கு அதை மறக்கும் உரிமை வந்துவிடாது.

"கிறிஸ்தவர்கள் மட்டும்தான் இதைச் செய்கிறார்களா? மற்றவர்கள் கண்ணில் படவில்லையா?" – ராமேஸ்வரம் வாசகர்

பட்டார்களே. உங்கள் ஊர்க் கோயிலில் 1897 ஜனவரியில் விவேகானந்தர் பேசியது என்ன? ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்கிறவனே உண்மையாக வழிபடுகிறான் என்றுதான். அவர் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் 1985 முதல் சத்தீஸ்கரில் நாராயண்பூரில் இருந்துகொண்டு அபூஜ்மாட் காட்டுப் பழங்குடிகளுக்குப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்துகிறது. மதமே கலக்காமலும் நடக்கிறது. தருமபுரி சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் போய் இறங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பெண்களைப் பழக்கித்தான் அதை மளமளவென்று குறைத்தார்கள். மேலே தங்கச்சிமடத்து அம்மாவுக்குச் சொன்ன அதே விஷயம்.

"நான் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த பழைய ஆள். கொல்லிமலை பற்றி இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே. விவரமாக எழுதக் கூடாதா?" – ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம்

எழுதுகிறேன் ஐயா. கலாம் படித்த பள்ளியில் படித்தவர் கேட்டால் மறுக்க முடியுமா!

ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின், 1913-இல் மலையேறினார்கள். சாலை கிடையாது. அங்கே அப்போது நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் அதிகம். இந்தத் தலைமுறைக்கு அது என்னவென்றே தெரியாது, உங்கள் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலில் கொப்புளம் கிளம்பும், எரியும், தண்ணீரில் காலை வைத்தால் இதமாக இருக்கும் என்று கிணற்றுப் படியில் இறங்குவார்கள். வைத்ததும் கொப்புளம் உடைந்து உள்ளே இருக்கும் புழு குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கும். அவற்றை நீர்த்தெள்ளு என்ற பொடிப் பூச்சி தின்னும், அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கும். ஒரு வருடம் கழித்து இன்னொருவர் காலில் இரண்டு மூன்றடி நீளத்தில் புழு எட்டிப் பார்க்கும். அதைச் சட்டென்று இழுத்தால் அறுந்து கால் சீழ் பிடித்துவிடும். ஒரு குச்சியில் நுனியைச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். பிராண்ட் அதையும் பொறுமையாகச் செய்தார். ஆனால் அவர் செய்ததில் பெரிய காரியம், யாரும் காலை நனைக்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பவைத்ததுதான். நோய்க்கு மருந்தே கிடையாது, சுவரும் வடிகட்டும் துணியும்தான் மருந்து. ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்த நம் பாட்டிமார்களுக்கு இது புரிந்திருக்கும். இந்தியாவில் இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்று கொடுத்தது. ஊசியில்லாமல், தடுப்பு மருந்தில்லாமல் ஒழித்த நோய் ஐயா இது.

ஜெஸ்ஸி 1929-இல் மலேரியா முற்றி, கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். ஈவ்லினை மிஷன் வேறு இடங்களுக்கு அனுப்பியது. ஓய்வு வயது வந்து "போதும், ஊருக்குப் போங்கள்" என்றபோது, ஓய்வை வாங்கிக்கொண்டு தன் பொறுப்பில் திரும்பவும் மலையேறிவிட்டார். விழுந்து எலும்பு முறிந்து, இரண்டு கையிலும் மூங்கில் கம்பு ஊன்றி, மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகப் போனார். 1974-இல் சாகும்போது வயது 95. மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார், அது தனிக் கதை.

அப்புறம், பாக் நீரிணையின் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பழங்குடிகள் இல்லை, ஆனாலும் விஷயம் ஒன்றுதான். யாழ்ப்பாணம் மானிப்பாயில் 1848 முதல் டாக்டர் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்கர் நம் ஆட்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார், பிற்பாடு தமிழிலேயே. உடற்கூறு நூல்களைத் தமிழில் அச்சிட்டார். மாணவர்கள் கோட்டு சூட்டுக்கு மாறுவது அவருக்குப் பிடிக்காது, ஊர்க்காரராகவே இருந்து ஊரிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பார். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் இங்கே தமிழில் மருத்துவப் படிப்பு வருமா வராதா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"மிஷன் விடுதியில் சேரும் பழங்குடிப் பிள்ளைகள் சொந்த மொழியை மறந்துவிடுகிறார்களே?" – ஆசிரியை, தொண்டி

சில இடத்தில் உண்மைதான் டீச்சர். சில இடத்தில் நேர்மாறு. 1894-இல் மிசோரம் போன மிஷனரிகள் லோரெய்ன், சாவிட்ஜ் இருவரும் அதுவரை எழுத்தில்லாத மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்து மிசோரம்தான். சந்தால் மொழிக்கு போடிங் என்ற நார்வேக்காரர் ஐந்து தொகுதி அகராதி செய்தார், ஆனால் சந்தால்கள் ரோமனோடு நிற்கவில்லை, அவர்களில் ஒருவரான ரகுநாத் முர்மு 1925-இல் ஓல் சிக்கி என்று தனி எழுத்தே உருவாக்கினார். எனக்கு முர்முவைத்தான் அதிகம் பிடிக்கும். விடுதியில் தாய்மொழி பேசினால் அபராதம் போடும் வார்டன்கள் யாராக இருந்தாலும் பிடிக்காது.

"நான் காட்டுநாயக்கர். எங்கள் சொந்தக்காரர் சிலர் சபைக்குப் போகிறார்கள். அதனால் எஸ்.டி. சான்றிதழ் கிடைக்காது என்கிறார்கள், நிஜமா?" – கல்லூரி போக நினைக்கும் மாணவர், தேவிபட்டினம்

இல்லை தம்பி. பட்டியல் சாதிக்கான 1950 உத்தரவில்தான் மத நிபந்தனை இருக்கிறது, இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும் என்று. பழங்குடிப் பட்டியலுக்கான உத்தரவில் அப்படி ஒரு வரியே இல்லை. உனக்குச் சான்றிதழ் தர வேண்டியவர் கோட்டாட்சியர். அங்கே இழுத்தடிப்பது மதத்தால் இல்லை, நீங்கள் காட்டுநாயக்கர்தான் என்று நிரூபிக்கச் சொல்வதில். அப்பா, பெரியப்பா, சித்தப்பா வழியில் யாருக்காவது சான்றிதழ் இருந்தால் நகலை இணைத்துவிடு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை காத்திருக்காதே, இப்போதே மனு போடு.

"எங்கள் இளைஞர் குழுவில் மலைவாழ் மக்களுக்குப் பழைய துணியும் மருந்தும் சேகரிக்கிறோம். அனுப்புவது எப்படி?" – மண்டபம்

அனுப்பாதீர்கள். பாதி தீர்ந்த சிரப், பெயர் அழிந்த மாத்திரை அட்டை எதையும் எந்த நல்ல ஆஸ்பத்திரியும் வாங்காது, வாங்கினால் சந்தேகப்படுங்கள். பழைய துணிக்கு ஆகும் லாரி வாடகையில் அங்கேயே புதுசு வாங்கலாம். பணமாகச் சேருங்கள், அதையும் ஒரே காரியத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள்: ஒரு மலைக் கிராமப் பெண்ணின் நர்சிங் படிப்புச் செலவு, அல்லது காசநோயாளிக் குடும்பத்துக்கு ஆறு மாத முட்டையும் பருப்பும். காசநோய்க்கு அரசே மருந்தை இலவசமாகத் தருகிறது, சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் தருகிறது, ஆனால் வங்கிக் கணக்கே இல்லாத ஆளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? கணக்கு தொடங்கிக் கொடுக்க ஆள் வேண்டும். உங்கள் குழுவில் இந்தி தெரிந்தவர், ஒரு மாதம் லீவு கிடைக்கிறவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.