பல்பு எரியாவிட்டால் ஈசிஎம் போய்விட்டதா?

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னுடைய பெட்ரோல் காரில் இஞ்சின் விளக்கு எரிகிறது. சாவியைப் போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஸ்கேனரில் பி0118 என்று வந்தது. மெக்கானிக் கூலன்ட் சென்சாரின் வயர்களில் ஊக்கைக் குத்தி, டெஸ்ட் பல்பு வைத்துப் பார்த்துவிட்டு, ‘சப்ளை வரவில்லை, ஈசிஎம் மாற்ற வேண்டும்’ என்கிறார். இது சரியா? நானே சோதித்துப் பார்க்க முடியுமா?”

ஈசிஎம் என்பது இஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி. அதற்குப் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அந்த வயரில் பல்பு எரியாமல் இருப்பதுதான் இயல்பு. புதிய வண்டியில் வைத்துப் பார்த்தாலும் எரியாது.

கூலன்ட் சென்சார் என்பது இஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்தின் சூட்டை அளக்க வைத்திருக்கும், சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறிய பொருள். ஈசிஎம் தனக்குள் இருக்கும் சில ஆயிரம் ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டை அதற்கு அனுப்பி, வயரில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்பதைக் கொண்டு சூட்டைக் கணக்கிடுகிறது. ஆகவே அந்த வயரில் சில மில்லிஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடவே முடியாது. 12 வோல்ட், 5 வாட் டெஸ்ட் பல்பு முழுதாக எரிய ஏறத்தாழ 400 மில்லிஆம்பியர் வேண்டும். சொட்டு நீர்க் குழாயின் வாயில் ஆலைச் சக்கரத்தை வைத்துவிட்டு, அது சுற்றவில்லை, ஆகவே தண்ணீர் இல்லை என்று சொல்வதைப் போன்றது இது.

இரண்டு வயர் சென்சாரில் பல்பால் வரும் கேடு தவறான முடிவோடு போய்விடும். த்ராட்டில் சென்சார் போன்ற மூன்று வயர் சென்சார்களில் 5 வோல்ட் நேரடியாகவே வருவதால், பல்பு அந்த சப்ளையையே கீழே இழுத்துவிடும். அதே சப்ளையைப் பங்கிட்டுக்கொள்ளும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, எர்த் வயர் எது என்று தேடுவதற்காகப் பல்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டிக்கொண்டு மறுமுனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பது. 5 வோல்ட்டுக்கென்று செய்த ஈசிஎம் பின்னில் 12 வோல்ட் ஏறும்; அதுவரை நன்றாக இருந்த ஈசிஎம் அப்போது உண்மையாகவே போகலாம்.

சோதனையை நீங்களே செய்யலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். நல்ல மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம். 5 வோல்ட்டில் அது இழுப்பது அரை மைக்ரோஆம்பியர்தான். மிக மலிவானவற்றில் 1 மெகாஓம் இருக்கும். இந்த வேலைக்கு அதுவும் குறையில்லை.

இஞ்சின் ஆறியிருக்கும்போது சென்சாரின் கப்ளரை (வயர்களை அதில் மாட்டும் இணைப்பு) கழற்றி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்துக்கொண்டு, கப்ளரின் இரண்டு வயர்களையும் சிவப்பு முனையால் பாருங்கள். ஒன்றில் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வந்தால், கறுப்பு முனையை பேட்டரியிலிருந்து எடுத்து அடுத்த வயருக்கு மாற்றுங்கள். அப்போதும் 5 வோல்ட் காட்டினால் எர்த் வயரும் நன்றாக இருக்கிறது, பழுது சென்சாரில்தான். 5 வோல்ட்டே இல்லையென்றாலும், ஈசிஎம்மைச் சந்தேகிப்பதற்கு முன் அங்கிருந்து ஈசிஎம் கப்ளர் வரை வயரைத் தடவிப் பாருங்கள். அறுப்பு முடிந்த வயலிலிருந்து எலி வீட்டுப்பக்கம் வரும் ஊர் உங்களுடையது. பானட்டின் சூடு அதற்கு மிகவும் பிடிக்கும்.

சென்சாரைத் தனியே ஓமில் அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓமும், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓமும் காட்டும். நம் பக்கத்துக் காலையில் 20 டிகிரி எங்கே வரப்போகிறது. ஆகவே 20 டிகிரிக்குச் சொன்ன ஓமைவிடச் சற்றுக் குறைந்த அளவை எதிர்பாருங்கள். அளவே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. பி0118 என்பது சிக்னலில் வோல்ட் கூடிவிட்டதைச் சொல்வது. சுற்று எங்கேனும் விட்டுப்போனால் பெரும்பாலும் இதுதான் வரும். அப்போது ஈசிஎம் சூட்டை நம்பாமல் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட விடுகிறது.

நாட்டு வைத்தியத்துக்கும் இடம் உண்டு. ஸ்கேனர் மாட்டியிருக்கும்போது, கழற்றிய கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தால், மைனஸ் 40 டிகிரி என்று நின்ற அளவு சட்டென்று 100 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். ஏறினால் வயரிங்கும் ஈசிஎம்மும் குற்றமற்றவை. இரண்டு வயர் வெப்ப சென்சாருக்கு மட்டுமே இது பொருந்தும். மூன்று வயர் உள்ளதில் செய்தால் 5 வோல்ட்டை எர்த்தோடு சேர்த்துவிடுவீர்கள்.

பல்பையும் நான் தூக்கி எறியவில்லை. ஃபேன், பெட்ரோல் பம்ப் போன்ற கனமான 12 வோல்ட் சுற்றுகளில் அது மீட்டரைவிட நேர்மையானது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டியிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், கன்டின்யூட்டியில் ‘பீப்’ என்றும் சொல்லும். ஹெட்லைட் பல்பை மாட்டினால்தான் வெளிச்சம் மங்கி உண்மை தெரியும். மஞ்சள் நிற ஏர்பேக் வயரிங்கில் மட்டும் பல்பு, மீட்டர் இரண்டையுமே கொண்டுபோகாதீர்கள்.

இனி அந்த ஊக்கு. தொழில் பழகிய காலத்தில் நானும் குத்தியிருக்கிறேன். கடலோர ஊரான உவரிப் பக்கத்து வண்டி ஒன்று, ஒரு மழைக்காலம் கழித்து, நான் குத்திய அதே இடத்தில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டதும் ஒடியும் நிலையில் திரும்பி வந்தது. உப்புக்காற்றும் ஈரமும் நுழைய ஊசித்துளை போதும். மெல்லிய குண்டூசியை, கப்ளரின் பின்பக்கம் ரப்பர் சீலுக்கும் வயருக்கும் நடுவே வழுக்கி உள்ளே விட்டால் வயருக்குக் காயமில்லை. மீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் முன்வாயில் திணிக்காமல் தொட்டு மட்டும் அளவெடுங்கள்; அந்த வாய் விரிந்துபோனால் பிறகு லூஸ் கான்டாக்ட் தொடரும்.

மெக்கானிக் ஏற்கனவே குத்திய துளைகளைத் தேடிப் பிடித்து, செம்பு பளிச்சென்று இருந்தால் உள்ளே பசை தடவிய, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவால் மூடுங்கள். பச்சை பிடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புது வயர் வைத்து, சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள். பி0118 என்ற பழுதுக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்தபின், ஓர் இரவு நிறுத்திய வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரைப் பாருங்கள்: கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் சில டிகிரிக்குள் ஒத்திருந்தால் வேலை முடிந்தது.