கீரைக் கட்டில் புழு முட்டை: வெஜிடபிள் வாஷ் வாங்கலாமா?

கேள்வி: சந்தையில் கீரையையும் கொத்தமல்லியையும் பக்கெட்டுத் தண்ணீரில் முக்கியெடுத்து அடுக்கி விற்கிறார்கள். இலையில் புழு முட்டை இருக்கும் என்று கேள்விப்பட்டேன். '99.9% கிருமிகளை நீக்கும்' என்று கடையில் வெஜிடபிள் வாஷ் இருக்கிறது. வாங்கலாமா? இல்லை, ஆர்கானிக் கீரைக்கே மாறிவிடலாமா?

பதில்: வெஜிடபிள் வாஷ் வேண்டாம். லேபிளில் உள்ள 99.9% பெரும்பாலும் பாக்டீரியாவுக்கான கணக்கு. நீங்கள் பயப்படும் ஆட்கள் வேறு: உருண்டைப் புழு, நாடாப்புழு இவற்றின் முட்டைகள், அப்புறம் அமீபா, ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். உருண்டைப் புழுவின் முட்டைக்கு ஓடு தடிமன். குளோரினுக்கே அசையாது, மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உப்பு, மஞ்சள், வினிகரை நம்பியும் பயனில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கூட, காய்கறி கழுவ சோப்போ இந்த மாதிரி திரவமோ வேண்டாம், ஓடும் தண்ணீரே போதும் என்கிறது.

முட்டையைக் கொல்ல முடியாவிட்டாலும் கழுவித் தள்ள முடியும். வேரையும் மண் ஒட்டிய அடித்தண்டையும் முதலில் வெட்டி எறியுங்கள். கட்டைப் பிரித்து, பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாக அலசுங்கள். இலையை மேலாக அள்ளி எடுத்த பிறகே தண்ணீரைக் கொட்ட வேண்டும். அப்படியே சாய்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலையில் ஏறும். அடியில் மண் தெரியாமல் போகும் வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, கடைசியில் குழாயடியில் காட்டுங்கள்.

வேகவைக்கும் கீரைக்கு இவ்வளவே போதும். கொதியில் எந்த முட்டையும் தப்பாது. என் கவலையெல்லாம் பச்சையாகப் போகும் கொத்தமல்லி, புதினா, சாலட் இலைகள் மீதுதான். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் புதினாவை வதக்கியே துவையல் அரையுங்கள். கொத்தமல்லியை ரசம் கொதிக்கும்போதே போடுங்கள். மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

பக்கெட்டு விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. ஒரு கட்டில் இருப்பதை எல்லாக் கட்டுக்கும் பரப்புவது அந்தத் தண்ணீர்தான். முக்காத கட்டைக் கேட்டு வாங்குங்கள், சற்று வாடியிருந்தாலும்.

ஆர்கானிக் என்பது பூச்சிமருந்து, ரசாயன உரம் பற்றிய உத்தரவாதம். புழு முட்டை பற்றியது அல்ல. சரியாக மக்காத எரு போட்டிருந்தால் அதிலும் வரும். பாய்ச்சுகிற தண்ணீரும் முக்கியம். ஹைதராபாத்தில் மூசி ஆற்றின் கழிவுநீரில் கீரை விளைவது பல காலமாக நடக்கிறது. ஆகவே, எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று தெரிந்த விவசாயியிடம் வாங்குவதே என் தேர்வு.

கேள்வி: முட்டைகோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்கிறார்களே?

பதில்: கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புழு பூச்சியின் குட்டி. அது மூளைக்குப் போகாது. மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பு வரவைப்பது பன்றி நாடாப்புழுவின் முட்டை, கண்ணுக்கே தெரியாது. அது வருவது மனித மலத்திலிருந்து. பன்றிக்கறி தொடாத வீட்டிலும் இந்த நோய் வருவது இதனால்தான். கோஸைக் குறை சொல்லி ஒதுக்க வேண்டாம். மேல் இலைகளை உரித்து, நறுக்குவதற்கு முன் கழுவி, வேகவைத்துச் சாப்பிடுங்கள். சமைப்பவர் கழிப்பறை போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அதே அளவுக்கு அவசியம்.

வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க முகாமில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால் மலப் பரிசோதனைக்கு டாக்டரிடம் கேளுங்கள்.